சங்கரவடிவுக்குப் போட்ட பாட்டு

வாகைச்சேரியில் குற்றாலலிங்கம் நாவல் எழுதி முடித்த அன்றைக்கு இடி இடிக்கவில்லை, மழை பெய்யவில்லை, தெருவில் படுத்திருந்த நாய்கூடத் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. அவராகவே எழுந்து வாசலுக்கு வந்து, வானத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு, யாரும் கேட்காமலே "முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சோறு கேட்டார். சோறு போட ஆள் இல்லை. அவருடைய பெண்டாட்டி சங்கரவடிவு, வீட்டை ஒட்டியிருந்த அரவை மில்லில் யாரோ கொண்டுவந்த மிளகாய் வத்தலை அரைத்துக்கொண்டு, முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, தும்மிக்கொண்டு நின்றாள். அந்த மில் அவளுடைய அப்பா அவள் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனது. குற்றாலலிங்கம் யூனியன் ஆபீஸில் வேலை பார்த்தபோதும் சரி, ஓய்வு பெற்று வீட்டோடு உட்கார்ந்து 'வாகையன்பன்' என்று தனக்குத்தானே பேர் வைத்துக்கொண்ட பிறகும் சரி, அந்த வீட்டில் உலை கொதித்ததும் பிள்ளைகள் படித்துக் கரையேறியதும் அந்த மில்லின் பெல்ட்டு சுற்றியதால்தான். வாகையன்பன் என்று அவரைக் கூப்பிட்ட ஒரே ஆள், டெலிபோனில் பேசும்போது அவரேதான்.

மில்லில் வடிவுக்குத் துணையாக இருந்தது குருவம்மா. புருசன் செத்த பிறகு வேலை கேட்டு வந்தவள், தவிடு சலிப்பதில் ஆரம்பித்து, மோட்டார் நின்றால் அதட்டி ஓட வைக்கிறவரைக்கும் எல்லாம் கற்றுக்கொண்டாள். ஊரில் யார் வெளியூருக்குக் கிளம்பினாலும் வீட்டுச் சாவியை அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார்கள்; மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் கறிவேப்பிலை இலையைக்கூடக் கிள்ளாமல் வீட்டைப் பூட்டிவிட்டு வருவதும் அவள் பாடு. அவள் நடந்து வந்தால் இடுப்பில் ஊர்ச் சாவியெல்லாம் சலசலக்கும்.

நாவலுக்கு 'ஊமை வெயிலின் ஓலம்' என்று பேர் வைத்தாயிற்று. ஊமை எப்படி ஓலமிடும், அதிலும் வெயில் எப்படி ஓலமிடும் என்று வடிவு கேட்டதற்கு, அது படிமம் என்று பதில் வந்தது. சரி, படிமமாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் மிளகாயைப் பார்க்கப் போய்விட்டாள். ஆனால் வெளியீட்டு விழாவுக்கு என்ன பாட்டுப் போடுவது என்ற பிரச்சினை அப்படிச் சுலபமாகத் தீரவில்லை. வாகைச்சேரிக்காரர்களுக்குக் குழாய் ஸ்பீக்கர் இல்லாமல் ஒரு விசேஷமும் நடக்கக் கூடாது. காதுகுத்துக்கு ஒரு வகைப் பாட்டு, சடங்குக்கு ஒரு வகை, கல்யாணத்துக்கு ஒரு வகை, எழவுக்கு ஒரு வகை என்று ஊருக்கே மனப்பாடம். படுத்த படுக்கையில் கிடக்கிறவன்கூட முதல் வரியைக் கேட்டே, எந்தத் தெருவில் பந்தி போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவான். நாவல் வெளியீட்டுக்கு மட்டும் வகை கிடையாது, ஏனென்றால் அப்படியொரு விபரீதம் அந்த ஊரில் அதற்கு முன் நடந்ததில்லை. அதனால் அத்தியாயத்துக்கு ஒரு பாட்டு, அந்தந்த அத்தியாயத்தின் கருப்பொருளுக்குப் பொருத்தமாகப் பழைய சினிமாவிலிருந்து எடுத்துப் போடுவது என்று குற்றாலலிங்கம் முடிவு பண்ணினார்.

பாட்டுத் தேர்வுக்கு ஒரு கமிட்டி கூடியது. கவுன்சிலர் தவசிக்கனி, கோயில் தர்மகர்த்தா ஆவுடைநாயகம், இன்னும் நாலைந்து பேர். நாவலை ஒருத்தரும் வாசிக்கவில்லை. வாசித்தால் பொருத்தம் பார்ப்பதில் நடுநிலை போய்விடும் என்று தர்மகர்த்தா சொன்னார், மற்றவர்கள் அதை ஒப்புக்கொண்டார்கள். அத்தியாயம் ஒவ்வொன்றிலும் ஊர்க்காரர் ஒருவரைப் பேரை மட்டும் மாற்றிக் குற்றாலலிங்கம் இறக்கியிருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அவர்தான் ஒவ்வொரு வீடாகப் போய் அதைச் சொல்லி, அச்சடிக்கிறதுக்கு நன்கொடை வாங்கியிருந்தார். அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டியைக் கண்டு தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறி நின்ற தவசிக்கனிக்கு வீரம். உண்டியல் பெட்டியைத் தவிர வேறெதையும் ஆசையோடு பார்த்திராத ஆவுடைநாயகத்துக்கு அமர காதல். இப்படி நல்லதெல்லாம் நன்கொடைக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, திருட்டு என்று ஒரு அத்தியாயம் மிஞ்சியது. நாவல் என்றால் திருட்டு இல்லாமல் இருக்க முடியாதாம். நன்கொடை கொடுத்தவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் ஊரில் ஆள் என்று மிஞ்சியது குருவம்மாதான். அவளுக்கு, கோமாளி ஒருத்தன் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு அடுத்தவன் பையில் கைவிடுகிற பழைய பாட்டு ஒன்றைச் சிரித்துக்கொண்டே ஒதுக்கினார்கள்.

வடிவு காப்பி கொண்டுபோனபோது கடைசி அத்தியாயத்துக்குப் பாட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். கருப்பொருள் தியாகம். மில் வைத்திருக்கும் ஒரு பெண், எழுத்தாளரான தன் கணவன் பேரில் ஊருக்குப் படிப்பகம் வர வேண்டும் என்பதற்காக மில்லையே தூக்கிக் கொடுத்துவிடுகிறாள். அந்த இடத்தில் கதாநாயகி விளக்கோடு விளக்காக உருகுகிற பாட்டுத்தான் சரி என்று ஆவுடைநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். வடிவு தம்ளரைக் கீழே வைத்தாள்.

"மில்லைக் குடுத்துட்டு, பெறகு அவ என்ன செய்யுதா?" என்று கேட்டாள்.

"அத்தோட அத்தியாயம் முடிஞ்சுது" என்றார் குற்றாலலிங்கம்.

விழா மில்லுக்கு முன்னால் இருக்கும் பொட்டலில் நடந்தது. மைக்செட்டுக்காரர் சவரிமுத்து மில்லிலிருந்து கரண்டு இழுத்து, வேப்பமரத்தில் குழாயைக் கட்டி, ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவே ஒவ்வொரு பாட்டாகப் போட்டார். பாட்டு முடிந்தால் வழக்கமாக என்ன ஆகும், காற்றோடு போய்விடும், அன்றைக்குப் போகவில்லை. வீரப் பாட்டு முடிந்ததும் குழாயிலிருந்து இறங்கிக் கூட்டத்துக்குள் வந்து, நாற்காலி நாற்காலியாகப் பார்த்துக்கொண்டே போய், தவசிக்கனி தோளில் உட்கார்ந்துகொண்டது. காதல் பாட்டு ஆவுடைநாயகத்தின் தோளுக்குப் போனது. கோமாளிப் பாட்டு, கடைசி வரிசையில் மண் தரையில் உட்கார்ந்திருந்த குருவம்மாவைத் தேடிப் பிடித்தது. விளக்குப் பாட்டு வடிவின்மேல் ஏறியபோது அவள் மில் வாசலில் தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஏதோ கொசு என்று நினைத்துத் தட்டிவிட்டாள், அது போகவில்லை. பாட்டு ஏறிய ஆள் நின்றால் பாட்டு நிற்கும், நடந்தால் பாடும். குழாயின் அதே கரகரப்போடு, ஏழு வீடு தள்ளிக் கேட்கும்.

அடுத்த நாள் காலையில் ஊர் எழுந்து பல் தேய்த்துக்கொண்டு இதைப் பேசியது, மத்தியானத்துக்குள் பழகிவிட்டது. எதனால் இப்படி ஆயிற்று என்று கேட்டவன் ஒருத்தன் இல்லை. பஸ் கண்டக்டர் பாட்டுக்காரர்களை ஏறின உடனே உட்காரச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரத்தில் அந்த வழியாக நடக்கக் கூடாது என்று பலகை வைத்தார்கள். தவசிக்கனி காரணமில்லாமல் பஜாரை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார், கூடவே வீரப் பாட்டும் முழங்கிக்கொண்டு வந்தது. அவர் ஏணியில் ஏறி நின்று அலறியதைக் கண்ணால் பார்த்தவர்களே, அடடா, மேலே நின்று கன்றுக்குட்டிக்கு வழி சொல்லியிருக்கிறார், நாம்தான் தப்பாக எடுத்துக்கொண்டோம் என்று பேச ஆரம்பித்தார்கள். ஆவுடைநாயகம் எழுபது வயசுக்கு மேல் சட்டைக்குச் செண்டு அடித்துக்கொண்டார். அவருடைய சம்சாரம் யார் அந்தச் சிறுக்கி என்று கேட்டுக் கஞ்சி ஊற்றுவதை நிறுத்தினாள், அவரும் அப்படி ஒருத்தி இருந்ததை மறந்துபோயிருப்போமோ என்று உட்கார்ந்து யோசித்தார். "பாட்டே சொல்லுதே" என்பது ஊர்வாக்காகிவிட்டது. பெண் பார்க்கப் போனால் மாப்பிள்ளைக்கு என்ன பாட்டு என்று கேட்டார்கள். பாட்டுக் கிடைக்காதவர்கள் தாம்பாளத்தில் பழம் வைத்துக்கொண்டு குற்றாலலிங்கத்தைப் பார்க்க வந்து, இரண்டாம் பாகம் எப்போது, அதில் கொடைத்தன்மை மாதிரி ஏதாவது காலியிருக்குமா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். கண்ணும் காதும் மூளையும் இருக்கிற ஒரு ஊர், மூன்றையும் ஒரு குழாய்க்கு எழுதிக்கொடுத்துவிட்டு இவ்வளவு நிம்மதியாக இருக்க முடியும் என்று வடிவு அதுவரை நினைத்ததில்லை. தூ என்று அவளுக்குத் துப்பத் தோன்றியது. மில்லுக்குள் மாவு இருக்கிறதே என்று விழுங்கிக்கொண்டாள்.

குருவம்மாவை யாரும் ஒரு வார்த்தை கடுசாகச் சொல்லவில்லை. அதுதான் வடிவுக்கு வயிற்றெரிச்சல். நல்லதனமாகத்தான் வந்தார்கள். சாவி துருப்பிடித்திருக்கும், எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்றாள் ஒருத்தி. மகன் வந்திருக்கிறான், அவன் கையில் ஒன்று இருக்கட்டும் என்றாள் இன்னொருத்தி. பூட்டையே மாற்றப் போகிறோம், பழைய சாவி உனக்குப் பாரம்தானே என்று ஆவுடைநாயகம் வீட்டிலிருந்து ஆள் அனுப்பினார்கள். இப்படி ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் அவள் இடுப்பில் அவளுடைய சொந்தக் குடிசைச் சாவி மட்டும் தொங்கியது, அதற்குச் சலசலக்க ஜோடி இல்லை. அவள் தெருவில் கால் வைத்தால் கோமாளி பாட ஆரம்பித்துவிடுவான்; கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொள்ளும், காயப்போட்ட வத்தல் உள்ளே போகும். அதனால் ஊர் எழும்புவதற்கு முன்னால் வாய்க்கால் கரை வழியாகச் சுற்றி மில்லுக்கு வந்து, உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்தாள். கழிப்பறைக்குப் போகக்கூட மோட்டார் ஓடுகிற நேரம் பார்த்துத்தான் எழுந்தாள், ஏனென்றால் அந்தச் சத்தத்தில் எந்தப் பாட்டும் கேட்காது.

வடிவு அந்த நாவலை எடுத்துவைத்து முதலிலிருந்து கடைசிவரைக்கும் வாசித்தாள். ஊரிலேயே அதை வாசித்து முடித்தவள் அவள் ஒருத்திதான். தியாகத்தின் திருவுருவமான அந்த மில்காரி பக்கத்துக்குப் பக்கம் புன்னகைத்தாளே தவிர ஒரு இடத்திலும் வாயைத் திறந்து பேசவில்லை. திருட்டு அத்தியாயத்தில் அந்தப் பெண் பார்க்கிறாள், பதுங்குகிறாள், பிடிபடுகிறாள், ஊர் காறித் துப்புகிறது. என்ன திருடினாள் என்பதை மட்டும் குற்றாலலிங்கம் எழுத மறந்திருந்தார். இதைச் சொல்லி, அந்தப் பாட்டைக் குருவம்மா தலையிலிருந்து எடுங்கள் என்று அவள் கேட்டதற்கு, கலைஞன் கையைவிட்டுப் போன படைப்பு தன் வழியில் போகும், அவர் என்ன செய்ய முடியும் என்று அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அவர்மேல் ஒரு பாட்டும் உட்காரவில்லை. எழுதுகிற ஆள் தனக்கென்று ஒரு அத்தியாயம் வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவு கெட்டிக்காரர்.

வடிவுக்கு வந்த கஷ்டம் வேறு மாதிரி. அவள் நடந்தால் விளக்குப் பாட்டு உருகும், கேட்டவர்கள் எல்லாம் உருகுவார்கள், உருகி முடித்ததும் எதையாவது கேட்பார்கள். மல்லி அரைக்க வந்தவர்கள் கூலி கொடுக்காமல், நீங்க வாங்கவா போறீங்க என்று சிரித்துவிட்டுப் போனார்கள். ரேஷன் வரிசையில் அவளைப் பின்னால் தள்ளிவிட்டு, வடிவக்கா பொறுத்துக்கிடுவாங்க என்றார்கள். சினிமாவுக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டார்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சமைக்க ஆள் பார்த்தபோது, கேட்கக்கூட இல்லாமல் அவள் பேரைப் போட்டு நோட்டீஸ் அடித்தார்கள். முடியாது என்று அவள் நின்று, பாட்டு அடங்கக் காத்திருந்து, தெளிவாகத்தான் சொன்னாள். சொன்னால், தியாகிங்க முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க என்று இன்னும் கொஞ்சம் உருகினார்கள். தன்னுடைய 'முடியாது'க்கு ஊரில் விலையில்லாமல் போன அந்த நாளிலிருந்து அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது. ஏனென்றால் அடுத்தது எங்கே வந்து நிற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அங்கேதான் வந்து நின்றது. கமிட்டி முழுசாக மாலையோடு மில்லுக்கு வந்து, வருகிற வெள்ளிக்கிழமை வாகையன்பன் படிப்பகத் திறப்புவிழா என்று தெரிவித்தது. கேட்கவில்லை, தெரிவித்தது. அரவை இயந்திரத்தைக் கழற்றிப் பழைய இரும்புக்காரனுக்குப் போட ஏற்பாடாகிவிட்டதாம், அவள் மேடையில் வந்து சாவியைக் கொடுத்தால் போதுமாம், மற்றதெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்களாம். கமிட்டி போன பிறகு வடிவு புருசனைப் பார்த்தாள். முப்பது வருசமாகத் தான் சோறு போட்ட அந்த முகத்தில் ஒரு கூச்சமாவது தெரிகிறதா என்று பார்த்தாள். அவர் சுவரில் தன் படத்தை எங்கே மாட்டலாம் என்று அளந்துகொண்டிருந்தார்.

"இது எங்கப்பா எனக்குக் குடுத்தது" என்றாள். "நானும் குருவும் இதை வச்சுத்தான் கஞ்சி குடிக்கோம். நீங்களும் இதை வச்சுத்தான் குடிக்கிய."

"நாவல்ல எழுதிட்டேன் வடிவு" என்றார் அவர், அவளுக்காக மிகவும் வருத்தப்படுகிற குரலில். "இனிமே மாத்துனா வாசகர்கள் ஏத்துக்கிட மாட்டாங்க."

வாசகர் அவள் ஒருத்திதான் என்பதை அவரிடம் சொல்லி என்ன பிரயோசனம். அவள் உள்ளே போய் மோட்டாரைப் போட்டு, அரைக்க ஒன்றுமில்லாமலே சும்மா ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்று அழுதாள். ஆத்திரத்தில் வந்த அழுகை. குருவம்மா பக்கத்தில் வந்து நின்றாள். மாவுக் கையால் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பொட்டலில் பந்தல் போட்டு, நாற்காலி பரப்பி, ஊரே குளித்துத் திருநீறு பூசி வந்து உட்கார்ந்தது. சவரிமுத்து ஒயரைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குள் வந்து சுவிட்சுப் பெட்டியைத் திறந்தார். அந்த ஊர்ச் செட்டுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: யார் வீட்டுக் கரண்டில் செட்டு ஓடுகிறதோ அந்த வீட்டுக்காரர்தான் முதல் பாட்டைச் சொல்ல வேண்டும், மாமனார் வீட்டு விசேஷமானாலும் மந்திரி வந்தாலும் அதில் மாற்றம் கிடையாது, அவர்கள் சொல்கிற பாட்டைப் போடாவிட்டால் செட்டு புகைந்துவிடும் என்று சவரிமுத்துவின் அப்பா காலத்திலிருந்து நம்பிக்கை. வெளியீட்டு விழா அன்றைக்குக் குற்றாலலிங்கம் கையில் பாட்டு வரிசையோடு முந்திக்கொண்டதில் வடிவைக் கேட்க எல்லோருக்கும் மறந்துபோயிற்று. செட்டு புகையவில்லை, ஆனால் நடந்ததைத்தான் பார்த்தோமே. இன்றைக்குக் கையில் வரிசை எதுவும் இல்லாததால், சவரிமுத்து தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

"முதல் பாட்டு என்ன போடட்டும்க்கா?"

வடிவு மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டாள். அவளுடைய முகத்தில் அத்தனை நாளாக இல்லாத ஒரு தெளிவு வந்தது. வாசலுக்கு வந்து, ஊரைப் பார்த்து அசையாமல் நின்றுகொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"புருசன் சொத்தையெல்லாம் எழுதி வாங்கிட்டு, கழுத்து நெறைய நகையப் போட்டுக்கிட்டு, ஒருத்தி வாய்விட்டுச் சிரிச்சு ஆடுவாள்லா. அந்தப் பாட்டைப் போடுங்க."

பந்தலில் இருந்த பெண்கள் வாயில் கைவைத்தார்கள். அது வில்லியின் பாட்டு. நல்ல குடும்பத்துப் பெண்கள் அந்தப் பாட்டு வந்தால் அடுப்படிக்கு எழுந்து போய்விடுகிற மாதிரிப் பாட்டு. குற்றாலலிங்கம் மேடையிலிருந்து இறங்கி வந்து, இது எந்த அத்தியாயத்தோட கருப்பொருள் என்று பதற்றத்தோடு கேட்டார்.

"நீங்க எழுதாத அத்தியாயம்" என்றாள் வடிவு. "போடுங்க சவரி."

செட்டு புகைந்துவிடுமே என்ற பயத்தில் சவரிமுத்து போட்டுவிட்டார். சிரிப்பும் சலங்கையுமாக அந்தப் பாட்டு ஊர் முழுக்க ஒலித்து முடிந்து, குழாயிலிருந்து இறங்கி, இடுப்பை ஆட்டிக்கொண்டு நேரே வடிவிடம் வந்தது. அங்கே ஏற்கெனவே விளக்குப் பாட்டு உட்கார்ந்திருந்தது. குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்தை இடித்துக்கொள்வதுபோல இரண்டும் கொஞ்ச நேரம் இடித்துக்கொண்டன; கடைசியில் விளக்குப் பாட்டுத்தான் விட்டுக்கொடுத்தது, அதன் சுபாவம் அப்படி. கீழே இறங்கி அக்கம்பக்கம் பார்த்து, எதிரே கையைப் பிசைந்துகொண்டு நின்ற குற்றாலலிங்கத்தின் தோளில் ஏறிக்கொண்டது.

வடிவு மில் வாசலில் நாலடி நடந்து காட்டினாள். அடிக்கு அடி அந்த வில்லி சிரித்தாள். தவசிக்கனி தர்மகர்த்தாவைப் பார்த்தார், தர்மகர்த்தா தலையை ஆட்டினார், பாட்டே சொல்லுதே என்று பந்தல் முழுக்க முணுமுணுப்பு ஓடியது. எப்பேர்ப்பட்ட பேராசைக்காரி, இவளிடம் போய் ஒரு பிடி தவிடு கேட்க முடியுமா, இத்தனை நாளும் நம்மை ஏமாற்றியிருக்கிறாளே என்று நேற்றுவரை அவளுக்காக உருகியவர்கள் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். மில் அந்த நிமிசத்திலேயே பிழைத்துவிட்டது. வடிவுக்கு உடம்பெல்லாம் லேசாகிச் சிரிப்பு வந்தது, அதையும் பாட்டில் சேர்ந்த சிரிப்பு என்றே ஊர் எடுத்துக்கொண்டது.

குற்றாலலிங்கம் ஏதோ சமாதானம் சொல்ல மேடையைப் பார்த்து நடந்தார். நடந்ததும் விளக்குப் பாட்டு உருகியது, ஊர் அவர் பக்கம் திரும்பி உருகியது. உருகி முடித்த ஆவுடைநாயகம், எழுத்தாளர் வீட்டு முன்ஹால் நல்ல காற்றோட்டமாக, படிப்பகத்துக்கென்றே கட்டினதுபோல இருக்கிறதே என்றார். ஐயோ, அங்கேதான் நான் எழுதுகிறேன், முடியாது என்று அவர் கத்தினார். கத்தட்டும், தியாகிகள் அப்படித்தான் என்று சொல்லித் தவசிக்கனி வடிவுக்கு வைத்திருந்த மாலையை எடுத்து அவர் கழுத்தில் போட்டுவிட்டார்.

சவரிமுத்து அடுத்த பாட்டுக்காகக் காத்திருந்தார். கரண்டு இன்னும் தன்னுடையதுதான் என்று அவரிடம் சொல்லிவிட்டு, வடிவு மில்லுக்குள் திரும்பினாள். சாக்குக்கு மறைவில் குருவம்மா குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு என்ன பாட்டு வேணும் குருவு?"

குருவம்மா வெகுநேரம் யோசித்தாள். அவளை இதுவரைக்கும் யாரும் எது வேண்டும் என்று கேட்டதில்லை.

"எனக்கு எதுக்குக்கா பாட்டு" என்றாள். "சும்மா நடந்து போகணும். அவ்வளவுதான்."

அப்படி ஒரு பாட்டு தன்னிடம் இல்லை என்றார் சவரிமுத்து. செட்டைப் போட்டுவிட்டு எந்தப் பாட்டையும் போடாமல் விடு என்றாள் வடிவு. குழாய் ஒரு பாட்டு நேரம் வெறுமனே உம்மென்று இரைந்தது; ஊரும் முதல்முறையாக ஒன்றும் இல்லாததை உட்கார்ந்து கேட்டது. அந்த ஒன்றும் இல்லாதது குழாயிலிருந்து இறங்கி வந்து குருவம்மாவின் தோளில் உட்கார்ந்தது. கோமாளிப் பாட்டு எழுந்துகொண்டது.

எழுந்து பந்தலுக்குள் வந்தது. முதல் வரிசையில் தவசிக்கனியின் தோளில் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தது, பொருத்தமாக இருந்ததுபோல. ஆனால் பக்கத்திலேயே ஆவுடைநாயகம் இருந்தார், அங்கேயும் பொருந்தியது. கூலி கொடுக்காமல் மல்லி அரைத்தவளிடம் போனது, பூட்டு மாற்றியவனிடம் போனது, வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தது. இடம் இல்லாமல் அது அலையவில்லை. கடைசியில் எங்கேயோ உட்கார்ந்தது, பந்தலில் ஒரு சத்தமும் இல்லை. யார்மேல் உட்கார்ந்தது என்று யாருக்கும் தெரியாது, ஒவ்வொருத்தருக்கும் தன்மேல்தான் என்று தோன்றியது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் எழுந்து நடந்தால் போதும். ஒருத்தரும் எழவில்லை. எழுந்து நின்றிருந்தவர்கள் தூக்கின காலைக் கீழே வைக்கவில்லை. பந்தலுக்கு வெளியே நின்றவர்கள் தலையில் வெயில் ஏறியது, பந்திக்கு வைத்த சாம்பார் ஆறியது, குழந்தைகளைத் தாய்மார்கள் மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

குருவம்மா மில்லைவிட்டு வெளியே வந்தாள். ஒரு அடி வைத்துக் காதைக் கொடுத்துப் பார்த்தாள், இன்னொரு அடி வைத்தாள். பிறகு பந்தலுக்கு நடுவாக, மேடைக்கு முன்னால், தவசிக்கனியையும் ஆவுடைநாயகத்தையும் மாலையோடு நின்ற குற்றாலலிங்கத்தையும் தாண்டி, செருப்புச் சத்தம் மட்டும் கேட்க, தெருவில் இறங்கிக் கடைக்குப் போய், டீத்தூள் வாங்கிக்கொண்டு, வந்த வழியாகவே நிதானமாகத் திரும்பி வந்தாள். அதுவரைக்கும் ஊரில் ஒருத்தர்கூட அசையவில்லை.